அணை கட்டிய கடனை அடைத்தது யார்?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



"இருபது நிமிஷம் பேசுங்க அண்ணே, ஆனா அறிவுரை வேண்டாம்" என்று செயலாளர் தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. நான் கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது வரவும் செலவும்தான். ஆகவே ஒரே ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டியது யார் என்பதே அந்தக் கணக்கு.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் ஊரில் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். பென்னிகுயிக் துரை சீமையில் இருந்த சொத்தை விற்றார், மனைவியின் நகையை விற்றார், அந்தக் காசில் கட்டினார் என்பார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் திறக்கப்பட்ட அவருடைய மணிமண்டபத்துக்கு ஜனவரி 15 அன்று போய்ப் பாருங்கள். பொங்கலும் அவர் பிறந்த நாளும் ஒன்றாக வருகிறது. பெண்கள் பானை வைத்துப் பொங்கல் இடுகிறார்கள். பிள்ளைக்கு அவர் பெயரை வைத்த வீடுகள் உண்டு. தேனிப் பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர்தான். இந்த மரியாதையில் நான் ஒரு குண்டுமணி குறைக்க வரவில்லை. மலைக்காய்ச்சலிலும் வெள்ளத்திலும் நின்று அந்த வேலையை முடித்த மனிதர் அவர். ஆனால் சொத்தை விற்ற கதைக்கு இதுவரை யாரும் ஒரு ஆவணத்தையும் எடுத்துக் காட்டவில்லை.

கணக்குப்படி பார்த்தாலும் அது ஒட்டாது. அணைக்கு ஆன செலவு எண்பது லட்சத்தைத் தாண்டியது. எந்தெந்தச் செலவைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து ஒரு கோடிக்கு மேல் காட்டும் கணக்கும் உண்டு. பென்னிகுயிக் ராணுவப் பொறியாளர், பொதுப்பணித் துறையில் சம்பளக்காரர். அரசாங்க உத்தரவு, அரசாங்க மதிப்பீடு, அரசாங்கப் பட்டியல் என்று நடந்த வேலை அது. 1886 அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுடன் போட்ட குத்தகைப் பத்திரத்திலும் மறுதரப்பு யார்? லண்டனில் இருந்த இந்திய மந்திரி. தனி மனிதர் யாருமில்லை. ஆகவே பணம் கஜானாவிலிருந்து வந்தது. கஜானாவுக்கு அது கடனாக வந்தது. இங்கிருந்துதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

அந்தக் கஜானாவின் பழைய கடன்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அணைக்கு வருவோம். 1858-ல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ராணியின் ஆட்சிக்கு நாடு மாறியபோது, கம்பெனி வாங்கியிருந்த கடன் முழுவதும் இந்தியாவின் வரிவருமானத்தின் மேல் சுமத்தப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் தொடங்கிய புரட்சியை அடக்க ஆன செலவும் அதோடு சேர்ந்தது. ஏறத்தாழ 6 கோடி பவுனாக இருந்த கடன் நாலைந்து வருஷத்தில் 10 கோடி பவுனை நெருங்கியது. நம்மை அடக்கிய செலவுக்கு நாமே வட்டி கட்டினோம் என்று அர்த்தம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கம்பெனியின் பங்குதாரர்களுக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம் லாபப் பங்கு கொடுக்க வேண்டும் என்று 1833-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டது. வருஷத்துக்கு 6,30,000 பவுன். அதுவும் நம் வரியிலிருந்துதான். கடைசியில் 1874-ல் அந்தப் பங்குகளை 100 பவுனுக்கு 200 பவுன் என்று விலை கொடுத்துத் தீர்த்தார்கள். அந்தப் பொறுப்பும் இந்தியாவின் வருமானத்தின் மேல் எழுதப்பட்டதுதான். ஒரு கம்பெனி நம்மை ஆண்டது. அந்தக் கம்பெனியைக் கலைத்து விலைக்கு வாங்கிய தொகையும் நம் கணக்கில். என் சர்வீசில் எத்தனையோ விசித்திரமான பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சரி, இவையெல்லாம் பயன் தராத கடன். இதற்கு நடுவே 1860-களின் பிற்பகுதியில் வேறொரு யோசனை வந்தது. கடன் வாங்கிக் கால்வாய் வெட்டலாம்; கால்வாயில் வரும் தண்ணீர்த் தீர்வையே வட்டியைக் கட்டிவிடும் என்றார்கள். காவிரியிலும் கோதாவரியிலும் ஆர்தர் காட்டன் செய்துகாட்டிய வேலைகள் இதற்கு முன்மாதிரி. கோதாவரி அணைக்கட்டு போட்ட முதலைப் பலமடங்காகத் திருப்பித் தந்தது.

ஆனால் எல்லாக் கால்வாயும் கோதாவரி ஆகிவிடுமா? கர்நூல் கடப்பைக் கால்வாயை ஒரு தனியார் கம்பெனி வெட்டியது. நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி என்று அரசாங்கம் அதற்கு எழுதிக் கொடுத்திருந்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு ஐந்து சதம். தண்ணீர் பாய்ந்த நிலமோ மிகக் குறைவு. 1882-ல் அரசாங்கமே அதை விலைக்கு வாங்கித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. உறுதி வட்டி என்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சென்னை மாகாணத்திலேயே கிடைத்த பாடம் அது.

இந்தச் சூட்டில்தான் லண்டன் கையைச் சுருக்கியது. 1879-ல் ஒரு பார்லிமெண்டு கமிட்டி விசாரித்த பிறகு, பயன் தரும் வேலைகளுக்காக வருஷத்துக்கு இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். நாடு முழுவதுக்கும், ரயிலுக்கும் நீர்ப்பாசனத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான். அந்தப் பணத்தில் பங்கு கேட்கும் எந்தத் திட்டமும் ஒரு பரீட்சையில் தேற வேண்டும். வேலை முடிந்து பத்து வருஷத்துக்குள் நிகர வருமானம் போட்ட முதலுக்கு நாலு சதமாவது வர வேண்டும். வரும் என்று காட்டினால் அது பயன் தரும் வேலை. காட்டாவிட்டால் பஞ்ச காலத்துப் பாதுகாப்பு வேலை என்று வேறு பட்டியலில் போய்க் காத்திருக்க வேண்டும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் வெள்ளைக்காரனுக்கு முதலில் வந்ததல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்தார். முடியும் என்று வந்து சொன்னார்கள். பணம் இல்லை, நின்றுபோயிற்று. 1808-ல் கால்டுவெல் என்ற கம்பெனி அதிகாரி பார்த்துவிட்டு, வீண் கனவு என்று எழுதிவிட்டார். 1850-ல் சிறிய அளவில் ஒரு வேலை தொடங்கிக் காய்ச்சலால் நின்றது. 1867-ல் மேஜர் ரைவ்ஸ் ஒரு மண் அணைத் திட்டம் கொடுத்தார். 1872-ல் ஸ்மித், பென்னிகுயிக் இருவரும் அதைத் திருத்தினார்கள். கோப்பு வளர்ந்துகொண்டே போனது. தண்ணீர் வரவில்லை.

பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். மதுரைச் சீமையும் தப்பவில்லை. நம் பாட்டிமார் வாயில் "தாது வருசம்" என்ற சொல் எப்படி வரும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பஞ்ச கமிஷன் உட்கார்ந்தது. 1882-ல் பென்னிகுயிக்கைப் புதிய மதிப்பீடு போடச் சொன்னார்கள். 1884-ல் ஒப்புதல். 1886-ல் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார்.

அந்தக் குத்தகையைப் பற்றி இன்றைக்கும் கேரளத்திலும் இங்கேயும் பேசாத வாய் இல்லை. 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். 999 வருஷத்துக்கும் கூட்டினால் நாலு கோடிகூட வராது. மலிவான குத்தகைதான், மறுக்க முடியாது. ஆனால் இந்த 40,000 ரூபாயை மட்டும் பார்த்துவிட்டு, தண்ணீர் சும்மா கிடைத்தது என்று நினைத்தால் கணக்கில் பெரிய உருப்படி ஒன்று விட்டுப்போகிறது.

அந்த உருப்படி வட்டி. மாணவர்கள் யாராவது இருந்தால் கையில் பேனாவை எடுங்கள். செலவை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நாலு சதம். வருஷத்துக்கு என்ன ஆகிறது? 3,20,000 ரூபாய். குத்தகைத் தொகையைப் போல எட்டு மடங்கு! திருவிதாங்கூருக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் கடன் கொடுத்தவனுக்கு எட்டு ரூபாய். இந்த எட்டு ரூபாயைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை.

அதுவும் அணை திறந்த பிறகு வரும் வட்டி. அணை கட்டிக்கொண்டிருந்த எட்டு வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு காசு தீர்வை இல்லை. கடன் கொடுத்தவன் தண்ணீர் வரும்வரை காத்திருப்பானா? வருஷா வருஷம் சமமாகச் செலவழித்தார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், சராசரி 40 லட்சத்துக்கு நாலு சதம், எட்டு வருஷம்: 12,80,000 ரூபாய். தண்ணீர் வருமுன்பே வட்டி மட்டும் ஏறத்தாழ 13 லட்சம்.

இதை எப்படி எழுதினார்கள் என்பது கணக்குக்காரனான எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒவ்வொரு பெரிய நீர்ப்பாசன வேலைக்கும் தனியாக முதல் கணக்கு, வருவாய்க் கணக்கு என்று இரண்டு வைத்திருந்தார்கள். இந்த அணைக்கென்று தனியாக யாரிடமும் போய்க் கடன் வாங்கவில்லை. இந்திய அரசாங்கம் மொத்தமாகக் கடன் வாங்கும். அதில் அணைக்குப் போன தொகைக்கு இவ்வளவு வட்டி என்று அணையின் கணக்கில் பற்று எழுதும். அந்த வருஷத்து வருமானம் வட்டிக்குப் போதவில்லை என்றால் பாக்கி நிற்கும். முதலும் வட்டிப் பாக்கியும் சேர்ந்த தொகைதான் அந்த வேலையின் சுமை. நம் ஊர் வட்டிக்கடையில் 'அசலோடு வட்டியையும் சேர்த்துப் புது நோட்டு எழுதிக்கொடு' என்பார்களே, அந்த மாதிரி. நோட்டு மட்டும் யார் கையிலும் இல்லை, பேரேட்டில் இருந்தது.

அணை எழும்பிக்கொண்டிருந்த அதே எட்டு வருஷத்தில் இன்னொரு பக்கம் ஒன்று சரிந்துகொண்டிருந்தது. அது ரூபாய். அப்போது நம் ரூபாய் வெள்ளி. இங்கிலாந்தின் பவுன் தங்கம். உலகத்தில் வெள்ளி விலை விழ விழ ரூபாய் விழுந்தது. 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங். அதாவது 10 ரூபாய் கொடுத்தால் ஒரு பவுன். 1894-95 வாக்கில் ரூபாய் ஒரு ஷில்லிங் ஒரு பென்னி அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பவுனுக்குப் பதினெட்டரை ரூபாய்!

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். வருஷா வருஷம் லண்டனில் கட்ட வேண்டிய தொகை ஒன்று இருந்தது. கடன் வட்டி, ரயில்வே வட்டி, ஓய்வுபெற்ற துரைமார் பென்ஷன், லண்டன் இந்தியா ஆபீஸ் செலவு எல்லாம் சேர்ந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பவுன். பத்து ரூபாய் விலையில் அது 15 கோடி ரூபாய். பதினெட்டரை ரூபாய் விலையில் 27 கோடிக்கு மேல். கடன் ஒரு பவுன்கூடக் கூடவில்லை. ஆனால் அதைக் கட்ட நம் விவசாயி போட வேண்டிய ரூபாய் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

பணத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. லண்டனில் இந்திய மந்திரி உண்டியல்களை ஏலம் விடுவார். இங்கே பருத்தியும் காப்பியும் வாங்க ரூபாய் தேவைப்படும் வியாபாரி அங்கே பவுன் கொடுத்து உண்டியலை வாங்குவான். அந்த உண்டியலைக் கல்கத்தாவிலோ சென்னையிலோ கஜானாவில் நீட்டினால், ரயத்து கட்டிய கிஸ்தியிலிருந்து ரூபாய் எண்ணிக் கொடுப்பார்கள். பவுன் லண்டனில், ரூபாய் இங்கே. காகிதம் மட்டும்தான் கடல் தாண்டியது. இவ்வளவு சுத்தமான ஏற்பாட்டை யோசித்தவன் கெட்டிக்காரன்தான்.

துண்டு விழுந்த இடத்தை எதால் அடைத்தார்கள்? 1888-ல், அதாவது அணை வேலை தொடங்கிய மறுவருஷம், உப்பு வரியை மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக ஏற்றினார்கள். ரூபாய் விழுந்த நஷ்டமும் பர்மாவைப் பிடித்த செலவும் அதற்குக் காரணம். தண்ணீர் பாயாத ஆண்டிபட்டிக் கரட்டில் கேப்பைக்கூழில் ஒரு கல் உப்புப் போட்டவளும் அந்தக் கணக்கில் பங்குதாரர்தான். 1893-ல் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தால் ரூபாய் அடித்துத் தரும் வழக்கத்தை நாணயச் சாலைகளில் நிறுத்தினார்கள். அதன்பிறகு ரூபாய் மெல்ல ஏறி, 1898-99 வாக்கில் ஒரு ஷில்லிங் நாலு பென்னியில் நின்றது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய். நகைக்கடையில் இன்றைக்கும் எட்டுக் கிராமைப் பவுன் என்கிறோமே, அது அந்த இங்கிலீஷ் தங்க நாணயத்தின் எடையிலிருந்து வந்ததுதான். லண்டன் கடன் போய்விட்டது, சொல் மட்டும் நம் பெண்களின் கழுத்தில் தங்கிவிட்டது.

கடனைத் திருப்பிக் கட்டுவது என்றால் நாம் நினைப்பதுபோல மாதத் தவணை கட்டி முடித்துப் பத்திரத்தை வாங்கி வருவதில்லை. அரசாங்கக் கடன் பெரும்பாலும் பழைய பத்திரத்தைப் புதுப் பத்திரமாக மாற்றிக்கொண்டே போவதுதான். வட்டி குறைவாகக் கிடைக்கும் சமயம் பார்த்து மாற்றினால் சுமை குறையும். 1893-94-ல் அதைச் செய்தார்கள். நாலு சதப் பத்திரம் வைத்திருந்தவர்களிடம், மூன்றரைக்குச் சம்மதமானால் புதுப் பத்திரம், இல்லாவிட்டால் பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். பெரும்பாலோர் சம்மதித்தார்கள். 1896-ல் மூன்று சதத்துக்கே கடன் கிடைத்தது. நான் மேலே சொன்ன 80 லட்சத்துக்கு அரை சதம் குறைந்தால் வருஷத்துக்கு 40,000 ரூபாய் மிச்சம். பார்த்தீர்களா, சரியாகத் திருவிதாங்கூர் குத்தகைத் தொகை! இது நான் போட்ட எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆனால் வட்டியில் அரை சதம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் எல்லாரும் சீமையில் இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ரூபாய்க் கடன் இந்தியாவிலேயே வாங்கப்பட்டது. பாங்குகள், தர்ம ஸ்தாபனங்கள், பணக்காரக் குடும்பங்கள், கல்கத்தா பம்பாய் வியாபாரிகள் என்று பலர் வைத்திருந்தார்கள். 1882-ல் தபாலாபீஸ் சேமிப்பு வங்கி வந்த பிறகு, அதில் சேர்ந்த பணமும் அரசாங்கத்துக்குக் கைமாற்றாக உதவியது. வாத்தியாரும் குமாஸ்தாவும் ரூபாய் ரூபாயாகப் போட்ட பணம் அது.

இனி கேள்விக்குப் பதில். கட்டியது யார்?

1865-ம் வருஷத்து ஏழாவது சென்னைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அரசாங்கக் கால்வாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் நிலத்தீர்வைக்கு மேல் தனியாகத் தண்ணீர்த் தீர்வை போடலாம் என்றது அது. புஞ்சையில் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்தால் தீர்வை ஜாஸ்தி. ஒருபோக நஞ்சையில் இரண்டாம் போகம் வைத்தால் பசலி ஜாஸ்தி. பழைய கர்ணங்கள் வாயில் இந்த இரண்டு சொற்களும் வெற்றிலை மாதிரி எப்போதும் கிடக்கும். மலையைக் குடைந்து வந்த தண்ணீர் வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி, வைகையில் சேர்ந்து, பேரணையில் கால்வாயில் திரும்பி மதுரை மேலூர் வரை போனது. தண்ணீர் போன வழியெல்லாம் இந்தச் சொற்களும் போயின. ஒரு லட்சம் ஏக்கர் பாய்ந்தது என்று கணக்குக்காக வைத்தால், 3,20,000 ரூபாய் வட்டிக்கு மட்டும் ஏக்கருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வேண்டும். பராமரிப்பும் கணக்குப்பிள்ளை சம்பளமும் தனி.

ஜமாபந்திக்குப் போய், மணியக்காரர் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று, அந்த ரூபாயைக் கட்டியவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். கட்டாவிட்டால் ஜப்தி. தீர்வை கட்ட ரொக்கம் இல்லாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. அரசாங்கத்தின் நாலு சதக் கடனை அடைக்க இவர்கள் எத்தனை சதத்துக்கு வாங்கியிருப்பார்கள் என்று ஊர்ப்பக்கம் வட்டி தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. பக்கத்தில் தண்ணீர் எட்டாத மேட்டையும் இந்த வயலையும் ஒருமுறை பார்த்தால் போதும். கடன் வாங்கிச் செய்த காரியங்களில் இது உருப்படியான காரியம். என் வாதம் ஒன்றுதான். இது யாரும் கொடுத்த தானம் அல்ல. கடன் வாங்கினார்கள், கட்டினார்கள். வட்டியும் தீர்வையுமாக ஜனங்கள் திருப்பிக் கொடுத்தார்கள். தானம் என்று நினைத்தால் நாம் நன்றிக்கடன் பட்டவர்கள் மட்டும்தான். கொடுத்துத் தீர்த்த கடன் என்று தெரிந்தால் நமக்கு அதில் உரிமையும் உண்டு. இரண்டும் இருக்கட்டும் என்கிறேன்.

இப்படிக் கடனைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஒரு மனிதர் நமக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார். ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, காந்தியிடம் போய்ச் சேர்ந்து, கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டி ஆசிரமத்தில் இருந்து, 1960-ல் மதுரையில் மறைந்தவர். 1931-ல் இந்தியாவின் கடனில் எது நியாயம், எது அநியாயம் என்று பார்க்கக் காங்கிரஸ் ஒரு கமிட்டி போட்டது. அதை முன்னின்று நடத்தியவர் அவர். 1857-ல் அடக்குமுறைக்கு ஆன செலவு, அயல்நாட்டுச் சண்டைகள், கம்பெனிப் பங்குக்குக் கொடுத்த விலை, இவற்றை இந்தியாவின் தலையில் கட்டியது செல்லாது என்று அந்த அறிக்கை வரிசையாகக் கணக்குப் போட்டு வாதிட்டது. கோஷம் போடவில்லை, பேரேட்டைப் புரட்டிக் கேட்டார்கள். எங்கள் தொழிலில் அவரைவிடப் பெரியவர் என்று நான் யாரையும் சொல்லமாட்டேன். கதராடை கட்டிய ஆடிட்டர்.

பிற்பாடு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1959-ல் வைகை அணை வந்தது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1970-ல் திருத்திய ஒப்பந்தத்தில் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மின்சாரத்துக்குத் தனித் தொகை. 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 1886 குத்தகை செல்லும் என்று சொல்லி, 142 அடிக்கு அனுமதித்தார்கள். அரசியலுக்குள் நான் போகவில்லை. செயலாளர் தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அணை வேலையில் நோய் கண்டு இறந்தவர்கள் 483 பேர் என்று பதிவு. அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். கூலிக்குப் போனவர்கள். அவர்களுக்கு மண்டபம் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது மாணவர்களுக்கும் என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்து. 1980-ல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்தபோது பல ஊர்களில் பழைய கணக்குக் கட்டுகள் பரணுக்குப் போயின, கரையானுக்கும் போயின. ஆனால் தீர்வை ரசீதுகள் வீடுகளில் இருக்கும். பத்திரப் பெட்டியின் அடியில், பாட்டனார் கைப்பட முடிச்சுப் போட்டபடி இருக்கும். பசலி எண் போட்டு, சர்வே நம்பர் போட்டு, தண்ணீர்த் தீர்வை இவ்வளவு என்று எழுதியிருக்கும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள். அசல் வேண்டாம், நகல் போதும். நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கித் தருவதாக முதல்வர் அவர்கள் காலையில் சொன்னார்கள். பொருளியல், வணிகவியல் மாணவர்கள் அவற்றை வருஷவாரியாக அடுக்கி, ஊர்வாரியாகக் கூட்டிப் பார்க்கட்டும். கூடலூர் எவ்வளவு கட்டியது, சின்னமனூர் எவ்வளவு கட்டியது என்று ஒரு அட்டவணை வரும். அதை அடுத்த மலரில் போடலாம்.